ஆணி பதித்த ரயரும் பனிக்கட்டியின் வழுக்கலும்

வழுக்கல் என்பது திருக்கோணமலை வாழ்நருக்குப் புதியதொன்றன்று. மாரிகாலத்துப் பாசி படர்ந்த துறைமுகப் படிகளும், மீன் இறக்கும் இடங்களில் நீரும் செதிலும் கலந்து கிடக்கும் சீமெந்துத் தரையும் அதனை நமக்கு நன்கு கற்பித்துள்ளன. ஆயின், வீதி முழுவதுமே மாதக் கணக்காய் வழுக்கும் பொருளாக மாறிவிடும் நிலையை நம் மண்ணில் நின்று கற்பனை செய்தல் அரிது. மார்கழி தை மாதங்களிற்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அருமையான இவ்வூரிலே, பனிக்கட்டி என்பது மீன் வாடிகளுக்கு வந்து சேரும் ஐஸ் பாளம் ஒன்றே. கன்னியாவில் நிலத்தினின்று வெந்நீர் ஊறுவதைக் கண்டு வளர்ந்த மாணவனுக்கு, நிலமே உறைந்து கிடக்கும் என்பது பாடநூற் செய்தி மட்டுமே.

இருந்தும் இப்பொருளை இம்மலரில் ஆராய்வதற்குக் காரணம் இரண்டு உள. ஒன்று, நம் மக்கள் இன்று அத்தகைய நாடுகளிற் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராஜேந்திரம் நோர்வேக்குச் சென்றது 1956ஆம் ஆண்டில். அதன் பின்னர், சிறப்பாக 1980களில், வட கீழ் மாகாணங்களிலிருந்து பலர் அந்நாட்டை அடைந்தனர். அவருட் பலர் முதலிற் சென்று தொழில் புரிந்தது வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடு சாலைகளிலேயாம். மீன்பிடித் துறைமுகத்திற் பிறந்தவர் மற்றொரு மீன்பிடித் துறைமுகத்திற் சேர்ந்தனர் என்று கூறலாம். இடையே வேறுபட்டது தரை. விடியற்கு முன்னர் வேலைக்குப் புறப்படும் ஒருவர் துவிச்சக்கரவண்டியில் ஏறினால், அவர் எலும்பு முறியாது சென்று சேர்வது அவ்வண்டியின் ரயரைப் பொறுத்தது. மற்றைக் காரணம், நம் பாடசாலைகளிற் பனிக்கட்டியின் வழுக்கல் பற்றிக் கூறப்பட்டு வந்த விளக்கம் குறைபாடுடையது. அக்குறைபாட்டை ஆணி பதித்த ரயர் என்னும் எளிய பொருளைக் கொண்டே தெளிவாகக் காட்டலாம்.

முதலில், இருசில்லு வண்டி ஏன் விழுகின்றது என்பதை நோக்குவாம். நின்ற நிலையில் அது தானே சாயும். ஓடும்போது விழாதிருப்பதற்குக் காரணம், வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கம் முன்சில்லைச் சிறிது திருப்பி, சாயும் உடலின் கீழே சில்லுகளைக் கொண்டுவந்து விடுதலே. ஓட்டுபவர் இதனை எண்ணிச் செய்வதில்லை. கை தானே செய்கின்றது. ஆகவே முன்சில்லு தரையைப் பற்றுதல் என்பது திரும்புதற்கு மட்டுமன்று, நிமிர்ந்து நிற்றற்கே வேண்டப்படுவதாகும். பின்சில்லு வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் சமாளித்துக் கொள்வர். முன்சில்லு வழுக்கினாலோ, சமநிலையைக் காக்கும் கருவியே கையை விட்டுப் போகின்றது. காலை ஊன்றுதற்கும் நேரம் இருப்பதில்லை.

இப்பற்றின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனவும், அதில் 35 கிலோகிராம் முன்சில்லின் மேல் அமைகின்றது எனவும் கொள்வோம். ரயரினுள் 3 வளிமண்டல அளவு அமுக்கமாகக் காற்று அடைத்திருப்பின், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 12 சதுர சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் முகத்தினும் சிறிது. இறப்பருக்கும் உலர்ந்த தார் வீதிக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 அளவில் இருக்கும். பனிக்கட்டியின் மேல் அது 0.1 ஆகவோ, கட்டி உருகி நீர் படிந்திருப்பின் அதனிலும் குறைவாகவோ போய்விடும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒருவர் உலர்ந்த வீதியில் இரண்டரை மீற்றர் ஆரையுள்ள வளைவில் திரும்பலாம். பனிக்கட்டியின் மேல் அதே வேகத்தில் திரும்புதற்கு ஏறத்தாழ 18 மீற்றர் ஆரை வேண்டும். சாய்வுக் கோணமோ 35 பாகையிலிருந்து 6 பாகையாகக் குறைந்துவிடும். உட்துறைமுக வீதியின் ஒரு சாதாரண வளைவை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், அங்கு பனி உறைந்திருப்பின் எத்தனை பேர் கடலை நோக்கிச் செல்வர் என்பதைத் தாமே அறிவர்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகின்றது? நம்மில் மூத்தோர் பலர் கற்ற விடை இது: அமுக்கம் கூடும்போது பனிக்கட்டியின் உருகுநிலை தாழும், சறுக்குபவரின் காலணி அலகு கட்டியை அமுக்க, அதன் கீழே நீர்ப்படலம் தோன்றி வழுக்கச் செய்கின்றது. உருகுநிலை தாழும் என்பதை யேம்சு தொம்சன் 1849இல் அறிமுறையாற் காட்டினார். அவர் உடன்பிறந்தாரான வில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், அதனை மறு ஆண்டில் ஆய்வுசாலையில் உறுதிப்படுத்தினார். இதனைச் சறுக்குதலுக்குப் பொருத்தியவர் யோன் யோலி, ஆண்டு 1886. இதற்குச் சான்றாக நாம் செய்து காட்டுவது பாளத்தின் குறுக்கே மெல்லிய கம்பியிட்டு, இரு முனையிலும் நிறை தொங்கவிடும் பரிசோதனை. கம்பி பாளத்தை ஊடறுத்துக் கீழே விழும். பாளமோ இரண்டாகாது முழுமையாகவே நிற்கும். திருக்கோணமலையில் மீன் வாடியிலிருந்து ஒரு பாளம் பெற்று எந்த மாணவனும் இதனைச் செய்யலாம்.

உருகுநிலை தாழ்வது உண்மை. ஆனால் எவ்வளவு தாழ்கின்றது என்பதே கேள்வி. ஒரு பாகை தாழ்வதற்கு ஏறக்குறைய 135 வளிமண்டல அமுக்கம் வேண்டும். 70 கிலோகிராம் நிறையுள்ளவர், 3 மில்லிமீற்றர் அகலமான அலகின் 10 சென்ரிமீற்றர் நீளம் தரையைத் தொட நிற்பாராயின், அவர் கொடுக்கும் அமுக்கம் 23 வளிமண்டல அளவே. உருகுநிலை ஒரு பாகையின் ஆறில் ஒரு பங்குதான் தாழும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரிலும் மக்கள் இனிதே சறுக்குகின்றனர். அதற்கு இவ்விளக்கம் போதாது. நமது கம்பிப் பரிசோதனை இங்கு நன்றாக நிகழ்வதற்குக் காரணமே, நம் வெப்பத்தில் பாளம் ஏற்கெனவே உருகுநிலையில் இருப்பதுதான். கம்பியின் வழியாக அறையின் வெப்பம் உட்செல்வதும் அதற்குத் துணை செய்கின்றது. அதே பரிசோதனையைப் பின்மார்க்கின் தைமாத முற்றத்திற் செய்தால், கம்பி அசையாது கிடப்பதையே காண்போம். ஆகவே பனிக்கட்டி நாட்டில் எழுதப்பட்ட விளக்கத்தை அயனமண்டலத்துப் பாளத்தைக் கொண்டு மெய்ப்பித்து வந்தோம் என்பது ஒரு வேடிக்கை.

பின் எதனால் வழுக்குகின்றது? மைக்கேல் பரடே 1850இலேயே வேறொரு கருத்தை வெளியிட்டார். பனிக்கட்டியின் மேற்பரப்பில், அமுக்கம் எதுவுமின்றியே, நீரை ஒத்த மெல்லிய படையொன்று உண்டு என்பது அது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட இக்கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் மதிப்புப் பெற்றது. மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிணைவதற்குத் துணையில்லாமையால், அவை உள்ளேயுள்ளவை போலக் கட்டுண்டு நில்லாது எளிதில் அசைகின்றன. இதனோடு, பௌடன், கியூசு என்னும் இருவர் 1939இற் காட்டியவாறு, உராய்வினாற் பிறக்கும் வெப்பமும் மேற்பரப்பை உருக்குகின்றது. இவற்றுள் எது எவ்வெப்பநிலையில் முதன்மை பெறும் என்பது பற்றி இன்றும் அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

இனி ஆணியிடம் வருவோம். அமுக்கமே வழுக்கலுக்குக் காரணம் எனின், ஆணி பதித்த ரயர் மற்றெல்லா ரயரினும் மோசமாக வழுக்க வேண்டுமன்றோ? முன்சில்லின் பாரத்திற் பாதியை 4 ஆணிகள் தாங்குவனவாகவும், ஒவ்வோர் ஆணியின் முனையும் ஒன்றரைச் சதுர மில்லிமீற்றராகவும் கொண்டால், முனையின் கீழே எழும் அமுக்கம் 290 வளிமண்டலத்தை அண்மும். சறுக்கும் அலகின் கீழ் உள்ளதைவிட இது பன்னிரு மடங்குக்கும் மேல். எனினும் ஆணி வழுக்குவதில்லை. ஏனெனில் பனிக்கட்டியின் நசுங்கு வலிமை பொதுவாக 100 வளிமண்டல அளவைத் தாண்டுவதில்லை. ஆணியின் கீழே அது உருகுவதற்கு முன்னர் நொறுங்குகின்றது. முனை உட்புகுந்து ஒரு சிறு குழியில் அமர்கின்றது. இனிச் சில்லு பக்கவாட்டில் வழுக்க வேண்டுமாயின், அம்முனைகள் கட்டியை உழுதுகொண்டே செல்ல வேண்டும். மேற்பரப்பின் நீர்ப்படை அங்கே ஒரு பொருட்டன்று. இறப்பர் மேற்பரப்பை நம்பி நிற்கின்றது, ஆணி உள்ளுடலை நம்பி நிற்கின்றது, வேறுபாடு இதுவே. ஐஸ் பாளத்தைக் கையால் நகர்த்தத் திணறுபவன் ஒரு கூரிய இரும்பை அதிற் குத்தி இழுத்துச் செல்வதும் இந்நியாயம் பற்றியே. நம் வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பது போல, குளிர்நாட்டார் குதிரையின் லாடத்திற் கூர்முனைகளைச் சேர்த்துப் பனிக்காலத்தில் ஓட்டினர். கருத்து பழையது, ரயரில் அதனைப் பொருத்தியதே புதியது.

நோர்வே மொழியில் இதற்குப் பிக்டெக் என்று பெயர். முள் ரயர் எனலாம். இருசில்லு வண்டிக்கான ஒரு ரயரில் 100 முதல் 300க்கு மேற்பட்ட ஆணிகள் வரை இருக்கும். இரும்பு முனை தார் வீதியில் விரைவில் தேய்ந்து மழுங்குமாதலால், நல்ல ரயர்களில் முனை தங்குதன் காபைட்டினால் ஆக்கப்படுகின்றது. பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள பனிக்கட்டியின் வன்மை மோவின் அளவுகோலில் ஏறக்குறைய 1.5, தங்குதன் காபைட்டினது 9. ஆணிகள் ஒரே நிரையில் அமைவதில்லை. நடுவிலுள்ளவை நேரே செல்லும்போதும், ஓரத்திலுள்ளவை திரும்பும்போதும் தரையைக் குத்துகின்றன. நடுவே மட்டும் ஆணியுள்ள மலிவான வகைகள் உள. வளைவில் விழுத்துவதற்கு அவற்றினும் சிறந்த கருவி இல்லை என்பது என் கருத்து.

பனியெல்லாம் ஒன்றன்று என்பதையும் அறிதல் வேண்டும். மென்மையாக வீழ்ந்து ஆழமாய்க் கிடக்கும் பனியில் ஆணிக்குப் பயனில்லை. குத்துதற்கு அங்கே வன்பொருள் இல்லை. அது நிலாவெளிக் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுதலை ஒத்தது. மணலிற் புதையும் சில்லுக்கு நாம் காற்றைச் சிறிது இறக்கிவிடுதல் போலவே, அங்கும் காற்றைக் குறைத்து அகன்ற ரயரைப் பயன்படுத்துவர். கடுங்குளிரில் நன்கு மிதிபட்டு இறுகிய பனியோ ஓரளவு நல்ல பிடிப்பைத் தரும். பின்லாந்தின் ஊலு நகரம் குளிர்காலத்திலும் துவிச்சக்கரவண்டியைக் கைவிடாமைக்குப் பெயர் பெற்றது. முதலாவது குளிர்கால வண்டியோட்ட மாநாடு 2013இல் அங்கேயே நடைபெற்றது. அந்நகரத்து இறுகிய பனிப்பாதைகளில் ஆணியில்லா ரயருடனேயே செல்வோர் பலர். மிகுந்த இடர் விளைவது பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையிலாம். பகலில் உருகிய நீர் இரவிற் கண்ணாடி போல் உறைகின்றது. வெப்ப நீரோட்டத்தால் உறையாதிருக்கும் நோர்வேயின் கடலோரத் துறைமுகங்களில் வெப்பநிலை பூச்சியத்தை மேலும் கீழுமாகக் கடந்துகொண்டே இருப்பதால், உள்நாட்டின் கடுங்குளிரினும் அவ்வூர்களின் மிதமான குளிரே வண்டியோட்டுபவருக்குப் பொல்லாதது.

ஆணிக்கு அடியிலுள்ள இறப்பரையும் மறத்தலாகாது. குளிரில் விறைத்துப்போகும் இறப்பர் தரையின் மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடாது. இயற்கை இறப்பர் கண்ணாடி போல் விறைப்பது பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை அளவிலாதலால், குளிர்கால ரயர்களில் அது விரும்பிச் சேர்க்கப்படுகின்றது. அம்மரத்தின் கன்றுகள் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்து கெனரத்கொடையில் நடப்பட்டது 1876ஆம் ஆண்டில். அயனமண்டல நாடொன்றின் மரப்பால், உறைபனியில் ஒருவரை நிமிர்த்தி வைக்கத் துணை புரிகின்றது.

இவற்றுக்குக் குறைகளும் உள. ஆணி ரயர் ஒன்று ஒரு கிலோகிராமை அண்மும் நிறையுடையது. மிதிப்பதற்குக் கூடிய வலு வேண்டும். வெறும் தார் வீதியிற் பொரிவது போன்ற ஓசை எழுப்பும். மோட்டார் வண்டிகளின் ஆணி ரயர்கள் வீதியை அரைத்துத் தூசி எழுப்புவதால் ஒசுலோ நகரம் 1999இல் அவற்றுக்குக் கட்டணம் விதித்தது. நிறை குறைந்த துவிச்சக்கரவண்டியால் அத்தகைய தீங்கு நேர்வதில்லை.

அந்நாடுகளில் வாழும் பழைய மாணவருக்கும், அங்கு செல்ல இருப்போருக்கும் சில கூறலாம். இரண்டு ரயருக்குப் பணம் போதாதாயின், ஒன்றை வாங்கி முன்சில்லுக்கே இடுக. பின்சில்லுக்கு மட்டும் இடுதல் வீண். புதிய ரயரை முதல் 40, 50 கிலோமீற்றர் வரை வெறும் தார் வீதியில், சடுதியாகப் பிறேக்குப் பிடியாமலும் விரைந்து மிதியாமலும் ஓட்டுக. அப்போதுதான் ஆணிகள் இறப்பரில் நன்கு அமரும். வழுக்கும் நாளிற் காற்றைச் சிறிது குறைப்பின் ஓர நிரை ஆணிகளும் தரையைத் தொடும். ஆனால் ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள இழிவளவுக்குக் கீழே குறைத்தலாகாது. ரொறன்ரோ போன்று வீதிக்கு உப்புத் தூவும் நகரங்களில் ஆணிக்கு வேலை குறைவு. அங்கே அரிக்கப்படுவது சங்கிலியே. கடற்காற்றில் துருவேறும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் இட்டுப் பழகிய நம்மவருக்கு அது புதிதாகக் கற்க வேண்டிய தொழிலன்று.