ஒரு கயிறு, ஒரு பொறி

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத் தெருவிலிருந்து ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரத்தில் வேளி காயலுக்குப் போய்விடலாம். ஒரு பக்கம் கானாயி குஞ்ஞிராமனின் சிற்பங்கள், எதிரே மணல்திட்டு, அதற்கப்பால் அரபிக்கடல். பாட்டியைக் கைபிடித்து ஏற்றி, பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, எல்லோரும் உட்கார்ந்த பிறகு படகோட்டி கயிற்றை இழுக்கிறார். உர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுக்கிறார். அதுவும் அப்படியே. சலித்துக்கொள்ளாமல் அவர் கையைக் கவனியுங்கள். பள்ளியில் படித்த இயற்பியலில் பாதி அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

படகின் பின்னால் மாட்டியிருக்கும் சிறிய அவுட்போர்டு என்ஜின்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. அப்படியானால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் ஏது? இழுக்கிற கைதான் தருகிறது. கயிறு சுற்றிவிடும் கனத்த சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கிறார்கள். அது கம்பிச்சுருளைக் கடந்து ஓடும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. அந்த மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. மெதுவாக இழுத்தால் காந்தமும் மெதுவாகவே ஓடும், பொறி எழாது. அதனால்தான் படகோட்டி, இறுக்கம் தட்டும்வரை கயிற்றை மெல்ல இழுத்துவிட்டு, பிறகு ஒரே வெட்டாக வெட்டி இழுக்கிறார்.

பொறி வந்தும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகி, தன் எடையைப்போல் சுமார் 15 மடங்கு காற்றோடு கலந்தால்தான் சரியாக எரியும். சோக்கைப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். வாடை மூக்கில் ஏறினால் அதுதான் சங்கதி. சோக்கை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

காயல்கரையில் இதைவிடப் பெரிய தொல்லை, டேங்குக்குள் புகுந்துவிடும் தண்ணீர். பகல் வெயிலில் சூடேறிய காற்று டேங்கின் மூச்சுத்துளை வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் ஈரக்காற்று உள்ளே நுழையும். பாதி காலியாகக் கிடக்கும் டேங்கில் இது நாள்தோறும் நடக்கிறது. இன்று பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் தனிப் பிரியம். ஓரளவு தண்ணீரைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். என்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! டேங்கின் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். மேலே பெட்ரோல், கீழே தனி அடுக்கு, நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. அதற்கப்புறம் தோள் வலிக்க இழுத்தும் பயனில்லை. டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டியதுதான்.

இத்தனை பாட்டுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. நின்றுபோன பெட்ரோல் என்ஜினால் தானாகச் சுழல முடியாது. காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, பொறி வைக்க, முதல் சுற்றை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். மின்மோட்டாருக்கு அந்தத் தயவு வேண்டாம். மின்சாரம் பாய்ந்ததுமே, நின்ற நிலையிலிருந்தே விசையோடு சுழலத் தொடங்கும். வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓட, 2017 ஜனவரி 12 அன்று தொடங்கிவைக்கப்பட்ட ‘ஆதித்யா’ அப்படிப்பட்டது. கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. 75 பேர் ஏறலாம். கூரையில் சூரியத் தகடுகள். புகை இல்லை, தண்ணீரில் எண்ணெய் மிதப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். வேளி போன்ற சிறிய காயலில் குடும்பத்தோடு மெல்ல ஒரு சுற்று வருவதற்கு மின்மோட்டாரைவிடப் பொருத்தமானது வேறில்லை. சவாரிப் படகு விடுகிறவர்கள் அடுத்த என்ஜினை வாங்கும் முன், ஒருமுறை வைக்கம் படகுத்துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.