பழைய மோட்டார் வண்டியில் பெட்ரோல் தடைப்படுதல்: காரணம் அறியும் முறை

பட்டறைக்கு நெடுந்தொலைவில் பழைய மோட்டார் வண்டி ஒன்று நின்றுவிட்டால், ஓட்டுபவரின் கை முதலில் கார்பரேட்டரை நோக்கிச் செல்வதே வழக்கம். அங்குள்ள திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பர். குறை வேறிடத்தில் இருக்குமாயின், இருந்த குறையோடு புதியதொரு குறையும் சேர்ந்துகொள்ளும். இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெட்ரோல் தொட்டியினின்று புறப்பட்டு எஞ்சினை அடையும் வழியே நாமும் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். ஓரிடம் சரியாக உள்ளது என்று தெளிந்த பின்னரே அடுத்த இடத்தைச் சோதித்தல் வேண்டும்.

மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டு வந்த அம்பாசடர் வண்டியைப் பலரும் அறிவர். கார்பரேட்டர் பொருந்திய பழைய அம்பாசடரிலும் அதன் காலத்து ஏனைய வண்டிகளிலும் எரிபொருளின் பாதை ஏறத்தாழ ஒன்றே: தொட்டி, குழாய், பம்பு, வடிகட்டி, கார்பரேட்டர்.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. அது காற்றைவிடக் கனமாதலால் வண்டியின் அடியிலும் பள்ளங்களிலும் தங்கி நிற்கும். எனவே எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, திறந்த வெளியில் வேலையைத் தொடங்குக. அருகில் புகை பிடித்தலும் விளக்கு ஏற்றுதலும் கூடா. ஒரு வாளி மணலையோ தீயணைப்புக் கருவியையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்க. எரியும் பெட்ரோலின் மேல் நீரை ஊற்றினால், பெட்ரோல் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

குறை பெட்ரோலிலா, மின்பொறியிலா?

சில முறை ஸ்டார்ட் செய்ய முயன்ற பின், ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை எனலாம். நனைந்திருப்பின் பெட்ரோல் மிகுதியாக வருகிறது, அல்லது மின்பொறி எழவில்லை. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

தொட்டி முதல் பம்பு வரை

தொட்டியின் மூடியில் காற்று புகுவதற்குச் சிறு துவாரம் இருப்பதுண்டு. அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டியினுள் காற்றழுத்தம் தாழ்ந்து, பம்பால் உறிஞ்ச இயலாமற்போகும். வண்டி சிறிது தூரம் ஓடி நிற்கும். சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடும். மூடியைத் திறக்கும்பொழுது காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டால் குறை இதுவே.

தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் விரிசல் இருப்பின், வண்டி ஓடும்பொழுது பெட்ரோல் வெளியே கசிவதற்கு மாறாகக் காற்று உள்ளே நுழையும். ஆகையால் கசிவு காணப்படவில்லை என்பதால் அக்குழாய் நன்றாக உள்ளது என்று முடிவு செய்தலாகாது.

பம்பைச் சோதிக்க, இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் சேரும் குழாயை எடுத்து ஒரு பாத்திரத்தில் விடுக. ஸ்டார்ட்டரைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட்டு வருதல் வேண்டும். அவ்வாறு வந்தால் தொட்டி, குழாய், பம்பு மூன்றும் சரியே.

எஞ்சினால் இயங்கும் பம்பினுள் ரப்பர் கலந்த சவ்வு ஒன்று உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அளவுகோலில் எண்ணெயின் மட்டம் உயர்ந்து, பெட்ரோல் மணம் வீசினால் எஞ்சினை ஓட்டவே கூடாது. நீர்த்துப்போன எண்ணெயால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பாழாகும்.

கார்பரேட்டர்

இதன் மிதவை அறையில் பெட்ரோல் மட்டத்தை ஓர் ஊசி வால்வு காக்கிறது. அதில் அழுக்குச் சிக்கினாலும் மிதவையில் ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் வழிந்தோடும். ஜெட் எனப்படும் நுண் துவாரம் அடைபட்டால், வண்டி நிற்கும்பொழுது எஞ்சின் அணையும். வேகம் கூட்டுகையில் தயங்கும். ஜெட்டைக் காற்றால் ஊதியே துப்புரவு செய்தல் வேண்டும். கம்பியால் குத்தினால் துவாரம் பெரிதாகிப் பெட்ரோல் செலவு கூடும்.

வெப்பத்தால் வரும் தடை

கோடைக்காலத்தில் எஞ்சினின் அருகேயுள்ள குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் உண்டாகும். பம்பு ஆவியை அழுத்துமேயன்றிப் பெட்ரோலைத் தள்ளாது. குழாயின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பதே உடனடிப் பரிகாரம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலத்தல் 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவிகிதத்துடன் தொடங்கி, 2022-இல் 10 சதவிகிதத்தையும், 2025-இல் 20 சதவிகிதத்தையும் எட்டியது. பழைய வண்டிகள் இக்கலவைக்கென அமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் பழைய ரப்பர்க் குழாயையும் சவ்வையும் உப்பச் செய்து நலிவிக்கும். தொட்டியில் பல்லாண்டு படிந்த கசடுகளைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். 1 கிலோ பெட்ரோல் முற்றாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். ஆதலின் பழைய ஜெட்டின் வழியே இக்கலவை செல்லும்பொழுது, எரிபொருள் குறைந்து காற்று மிகுந்ததாகி எஞ்சின் தயங்கக்கூடும்.

இன்னும் ஒன்று: எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேயே. பல மாதம் நிறுத்திவைத்த வண்டி கிளம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினால், கரைதிறன் பற்றிய பாடம் மாணவர் மனத்தில் நன்கு பதியும். பெட்ரோலை வகுப்பறைக்குக் கொண்டுவருதல் கூடாது.

எனவே பழைய வண்டி வைத்திருப்போர் எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் சவ்வையும் பொருத்துதல் நலம். வடிகட்டியை அடிக்கடி மாற்றுக. வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் தொட்டியைக் காலி செய்க. எக்குறையாயினும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, பயனைப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுக. அவ்வாறு செய்தால் உண்மைக் காரணம் தானே வெளிப்படும். நல்ல உறுப்பைக் கழற்றி எறியும் வீண் செலவும் நேராது.