வீடிழந்த நாய்க்கு யார் துணை?

கல்லாறு: திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற பஸ், நெடுமங்காடும் விதுராவும் தாண்டி, ஏறக்குறைய 45 கிலோ மீட்டர் ஓடிக் கல்லாற்றுக்கு வந்து சேருகிறது. பேருக்கு ஏற்ற ஆறு. யானைக் குட்டிகள் படுத்திருப்பது போல உருண்டைக் கற்கள். அவற்றின் இடுக்கில் தண்ணீர் ஓடுகிறது. இதற்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் மேலே மூடுபனி, தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மலையடிவாரக் கடைத்தெருக்களில் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று பார்த்தால், இரண்டு விதமான நாய்கள் கண்ணில் படும். ஒன்று அங்கேயே பிறந்து வளர்ந்தது. பழக்கடைத் திண்ணைக்கு அடியில் சுருண்டு கிடக்கும். எந்த வண்டி வந்தாலும் காதைக்கூட அசைக்காது. இன்னொன்று அப்படியல்ல. வந்து நிற்கும் ஒவ்வொரு காரின் கதவையும் எழுந்து போய்ப் பார்க்கும். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்கும். பிறகு திரும்பி வந்து படுக்கும். கழுத்தில் பட்டை கிடந்த இடத்தில் ரோமம் தேய்ந்திருக்கும்.

அது தெருவில் பிறந்த நாய் அல்ல. யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன நாய்.

காட்டில் பிழைத்துக்கொள்ளுமா?

பட்டணத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். காட்டோரம் விட்டால் எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது விடுகிறவர்களின் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்கு வேட்டையாடத் தெரியாது. ஏற்கெனவே அங்கே இருக்கும் நாய்க் கூட்டம் புதிதாக வந்ததை அண்டவிடாது, கடித்துக் குதறும். சிறுத்தை நடமாடுகிற காட்டோரங்களில் அதற்கு எளிதாக அகப்படும் இரை நாய்தான். சுற்றுலா வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பையை, அதில் ஒட்டிய குழம்புக்காகத் தின்று, குடல் அடைத்துச் சாகும் நாய்களும் உண்டு.

பிழைத்துக்கொண்டாலும் ஆபத்துதான். கூட்டம் சேர்ந்து மான் குட்டியைத் துரத்தும். நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் காய்ச்சல் காட்டு மிருகங்களுக்கும் தொற்றும். கல்லாற்றுக்கு அருகிலேயே, 1983-ல் ஏற்படுத்தப்பட்ட பெப்பாரை வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

"அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க"

நாயை விடுகிறவர்கள் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. நெடுமங்காட்டில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வாடகை வீடு. பிள்ளைகள் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்து, மணி என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். ஐந்து வருஷம். திடீரென்று கடை கைமாறுகிறது. ஊருக்குத் திரும்ப வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் இடம் இருக்கிறது, மணிக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, ரெண்டு நாளைக்குச் சோறு போட்டுப் பாத்துக்கிடுங்க, வந்து கூட்டிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு லாரி கிளம்புகிறது. அண்ணாச்சிக்கும் தெரியும், அவர் வரமாட்டார் என்று. அண்ணாச்சி வீட்டிலும் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன. பத்தாம் நாள் மணி தெருவில் நிற்கிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், அடிக்கடி ஜாகை மாற்றுகிறவர்கள், டிரான்ஸ்பருக்கு உட்பட்ட குமாஸ்தாக்கள் ஆகிய நம்மில் பலருடைய வீட்டிலும் இது நடக்கக்கூடியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பசி தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! அந்த ஐம்பதில் இன்றைக்கு அரைப் பிளேட் பிரியாணி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ விஷயம் வேறு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

மதராஸில் தொடங்கிய வேலை

வீடிழந்த நாயும் பூனையும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்று நம் பக்கத்தில் முதலில் முனைந்து நின்றவர்களில் ஒரு விமானி முக்கியமானவர். கேப்டன் வி. சுந்தரம். 1959-ல் மதராஸ் தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். அந்த வீட்டில் ஆரம்பித்ததுதான் புளூ கிராஸ். 1964-ல் அது சங்கமாகப் பதிவாயிற்று. அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா பிறகு இந்த வேலையை நாடறியச் செய்தார்.

அப்போது கார்ப்பரேஷன் நாய் வண்டி தெருத்தெருவாக வரும். பிடித்துக்கொண்டு போவார்கள்; கொன்றுவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது இது. கொன்ற நாய்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறியதே தவிர, தெருவில் நாய் குறையவில்லை. வெறிநாய்க்கடிச் சாவும் குறையவில்லை. ஒரு தெருவில் பத்து நாயைப் பிடித்துவிட்டால், அங்கே கிடக்கும் எச்சில் இலைக்காகப் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு பத்து வந்து சேரும். புதிதாக வந்தவை சண்டை போடும், குட்டி போடும். பெட்டை நாய்க்கு கர்ப்ப காலம் 63 நாள்தான். வருஷத்துக்கு இரண்டு ஈற்று.

அதனால் புளூ கிராஸ் வேறு வழி சொன்னது. நாயைப் பிடி, கருத்தடை ஆபரேஷன் செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, காதில் அடையாளமாக ஒரு சிறு வெட்டு வை, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. பழைய நாய் தன் தெருவைத் தானே காவல் காக்கும், அன்னிய நாயை உள்ளே விடாது, குட்டியும் போடாது. ஏ.பி.சி. படிப்பது போல எளிதான காரியம் என்று காட்டத்தான் இத்திட்டத்துக்கு அந்த எழுத்துக்களிலேயே பெயர் வைத்தார்களாம். கார்ப்பரேஷன் இதை ஏற்று நகரம் முழுவதும் கொல்வதை நிறுத்தியது 1996-ல். முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது! 2001-ல் மத்திய அரசு இதையே விதியாக்கியது. 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

தெருவில் காது வெட்டிய நாயைக் கண்டால் யாரோ காயப்படுத்திவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் உண்டு. அது ஆபரேஷன் ஆனதற்கு அத்தாட்சி.

காப்பகத்துக்குள்ளே

காப்பகம் என்றதும், நாய்கள் வயிறு நிறையத் தின்று புல்வெளியில் புரளும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே போனவர்களுக்குத் தெரியும்: முதலில் காதைத் துளைப்பது சத்தம், அப்புறம் வாடை. காலை ஐந்து மணிக்கே கூண்டு கழுவ ஆரம்பிக்க வேண்டும். அண்டா அண்டாவாக அரிசி, கோழிக் கழிவு வேக வேண்டும். கார் ஏறிக் கால் ஒடிந்தது ஒரு பக்கம், புண்ணில் புழு வைத்தது ஒரு பக்கம். புதிதாக வருகிறதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். வெறிநோய் சந்தேகம் இருந்தால் தனிக் கூண்டு.

இதில் கொடுமை குட்டிகள் விஷயந்தான். அட்டைப் பெட்டியில் ஐந்தாறு குட்டிகளைப் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பகத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைக்கிறார்கள். தாய்ப்பால் மறவாத, தடுப்பூசி போடாத குட்டிக்கு, நூறு நாய் உள்ள இடத்தைவிட மோசமான இடம் கிடையாது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தப் பேதியில் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். தாயோடு சேர்த்து ஒரு மாட்டுத் தொழுவ மூலையில் எட்டு வாரம் விட்டிருந்தால் அவற்றில் பாதியாவது பிழைத்திருக்கும். அதனால் இப்போது பல குழுக்கள் குட்டிகளைக் காப்பகத்தில் சேர்க்காமல், தற்காலிகமாக வீடுகளில் வைத்து வளர்த்து, பிறகு தத்துக் கொடுக்கிறார்கள்.

தத்து எடுக்க வருகிறவர்கள் கேட்பது லாப்ரடார், பொமரேனியன். கேட்கிற அதே ஜாதி நாய்கள் வயதானதும், இடுப்பு விழுந்ததும், அதே காப்பகத்துக்கு வந்து சேர்வதை அவர்கள் கவனிப்பதில்லை. குட்டி விற்கிறவர்கள் ஈன்று ஓய்ந்த தாய் நாயை என்ன செய்கிறார்கள் என்பதும் இந்தக் கூண்டுகளில் தெரியும். கோம்பையும் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பிறந்த மண்ணிலிருந்து வந்த நாமும் நாட்டு நாயைக் கேவலமாகப் பார்ப்பதுதான் வேடிக்கை. இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஒத்துப்போவது அதுதான். மிச்சச் சோற்றிலும் ஜீவிக்கும்.

கேரளத்தில் நடந்தவை

2021 ஜூன் மாதம் திருவனந்தபுரம் மாவட்டத்து அடிமலத்துறைக் கடற்கரையில், படகுக்கு அடியில் படுத்திருந்த ஒரு லாப்ரடார் நாயைத் தூண்டில் கொக்கியில் மாட்டி அடித்துக் கொன்றார்கள். வீட்டில் வளர்ந்த நாய் அது, பெயர் புரூனோ. படம் நாடெங்கும் பரவியது. கேரள ஐகோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து, அந்த வழக்குக்கே புரூனோவின் பெயரை வைத்தது. வளர்ப்புப் பிராணிகளை உள்ளாட்சி அலுவலகங்களில் பதிவு செய்ய வேண்டும், மாநிலப் பிராணி நல வாரியத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவுகள் வந்தன.

அதே வருஷம் டிசம்பரில் வேறொரு உத்தரவு. அதுவரை கேரளத்தில் பல இடங்களில் நாய் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகும் வேலையைக் குடும்பஸ்ரீ பெண்கள் செய்துவந்தார்கள். வலை வீசி நாய் பிடிக்கிற பெண்களைப் பார்த்து ஊரே அதிசயித்தது. பிராணி நல வாரியத்தின் அங்கீகாரம் அவர்களுக்கு இல்லை என்பதால் ஐகோர்ட்டு அதை நிறுத்தியது. விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் மாற்று ஏற்பாடு உடனே வராததால் வேலை பல இடங்களில் படுத்துவிட்டது. ஆபரேஷன் மையம் கட்ட இடம் தேடினால், எங்கள் வார்டில் வேண்டாம் என்று மறியல். நாய்த் தொல்லையும் வேண்டாம், மையமும் வேண்டாம்!

2022 செப்டம்பரில் பத்தனம்திட்டா மாவட்டம் ரான்னி அருகே, நாய் கடித்த 12 வயதுச் சிறுமி மூன்று ஊசி போட்ட பிறகும் இறந்தாள். முகத்தில், கண்ணருகே கடி. மூளைக்குப் பக்கமான கடி அவ்வளவு பொல்லாதது. பேப்பட்டி என்ற சொல்லைக் கேட்டாலே மலையாளத் தாய்மார்கள் நடுங்கினார்கள். அந்த மாதமே அரசு நாய்களுக்குப் பெருந்திரளாகத் தடுப்பூசி போடத் தொடங்கியது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நிற்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. கோவாவில் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். 2021-ல் அது வெறிநோய் கட்டுக்குள் வந்த முதல் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கொல்லாமலே சாதித்தார்கள்.

2025-ல் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க உத்தரவு. 22-ந் தேதி அது திருத்தப்பட்டது: ஆபரேஷனும் ஊசியும் முடிந்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர; சோறு போட உள்ளாட்சிகள் தனி இடம் குறிக்க வேண்டும். நவம்பர் 7-ந் தேதி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. குழந்தைகளையும் நோயாளிகளையும் காக்க வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் பிளாட்பார நாய்களை வைக்க எத்தனை கூண்டு வேண்டும், யார் கழுவுவது, யார் சோறு வேகவைப்பது? இருக்கிற காப்பகங்கள் ஏற்கெனவே பிதுங்குகின்றன. அங்கே காலியாகும் ஒவ்வொரு கூண்டும் அடிபட்ட, நோய்ப்பட்ட பிராணிக்குத் தேவை. மணியைப் போல, நாலு காலும் நன்றாக இருக்கிற வீட்டு நாய் போய் அந்த இடத்தை அடைக்கக் கூடாது.

வளர்க்கிறவர்கள் கவனிக்க

பஞ்சாயத்து எல்லையில் நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும். கேரளத்தில் 1998 முதல் விதி இருக்கிறது. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. அரசு மிருக ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சான்றைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். பெட்டையானால் கருத்தடை ஆபரேஷன் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். விலங்கு நோய்களை ஆராயும் மாநில அரசின் நிலையம் கல்லாற்றுக்குப் பக்கத்தில் பாலோட்டிலேயே இருக்கிறது.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இனி வேண்டாம். அந்தப் பழைய மருந்து 2004-லேயே கைவிடப்பட்டது. இப்போது கையில் போடுகிறார்கள்.

ஊர் மாறும்போது நாயை ரயிலில் கொண்டுபோக முடியுமா என்று பலருக்குத் தெரிவதில்லை. முடியும். ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்போ நாலு பேர் அறையோ முழுதாக உங்கள் பேரில் கிடைத்தால் கூடவே அழைத்துச் செல்லலாம். அந்தச் செலவு நமக்குக் கட்டாது. மற்றவர்களுக்கு கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி இருக்கிறது. ஸ்லீப்பரிலோ இரண்டாம் வகுப்பிலோ, ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கிலோ ஏற்றக் கூடாது. புக் செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம். வண்டி புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே டிக்கெட்டும் டாக்டர் சான்றும் எடுத்துக்கொண்டு பார்சல் ஆபீசுக்குப் போய்விட வேண்டும். பெட்டி ஒன்றே இருக்கும், முந்தினவருக்கே கிடைக்கும். கழுத்துப் பட்டை, சங்கிலி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். வழியில் வண்டி அதிக நேரம் நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி ஓடிப்போய்த் தண்ணீர் வைத்துவிட்டு வர வேண்டியதும் அவரே.