உஷார்! புகை நின்றுவிட்டதே என்று நம்பிப் படுத்துவிடாதீர்கள்

வீட்டில் நீங்களே ராக்கெட் அடுப்பு கட்டி, புகைக்குழாயைத் திண்ணைக்குள் ஓடவிட்டிருக்கிறீர்களா? புகை மேலே ஏறவில்லை என்று அங்கே இங்கே அடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? இன்று ராத்திரி பற்றவைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தயவுசெய்து.

கீழச்சிவல்பட்டியில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, மழைக்காலம் வந்தால் உட்கார்ந்து எழ முடியாது. பேரன் வீடியோ பார்த்து, பழைய இரும்பு டிரம், செங்கல், களிமண் வைத்து இரண்டாங்கட்டில் ஒரு ராக்கெட் அடுப்பு கட்டினார். புகைக்குழாய் திண்ணைக்குள் நீளமாக ஓடித்தான் வெளியே போகும். திண்ணை சூடாகும், அப்பத்தா அதில் படுத்துக்கொள்வார். எரிக்கச் சீமைக்கருவேல விறகு, அதற்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. பாசத்தில் செய்த வேலை. குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெயில் நாளில் ஒழுங்காகத்தான் எரிந்தது. ஐப்பசி அடைமழை பிடித்ததும் விறகு போடும் வாய் வழியாகவே புகை திரும்பி வந்தது. கண் எரிச்சல், இருமல். என்ன செய்தார் தெரியுமா? சன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். மழைச்சாரலுக்காகக் கதவைச் சாத்தினார். நடு முற்றத்துக்கு மேலே, குரங்குக்கும் மழைக்கும் பயந்து, ஏற்கெனவே ஷீட் போட்டு மூடியாகிவிட்டது.

விறகு எரிந்து அடங்கித் தணலானது. புகை நின்றது. "சரியாப் போச்சு அப்பத்தா, இனிமே படுங்க" என்றார்.

அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

கண்ணுக்குத் தெரிகிற புகை நம்மை விரட்டி எழுப்பிவிடும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டேதான் இருப்போம், உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச்சேராது.

அந்த ஃபேன் செய்தது இன்னொரு கொடுமை. மூடிய அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளினால், அந்த இடத்தை நிரப்ப வேறு எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். திறந்திருந்த ஒரே வழி புகைக்குழாய். வெளியே போக வேண்டிய விஷக்காற்றை ஃபேனே உள்ளே இழுத்துப்போட்டது!

அப்பத்தாவுக்குத் தலைவலி, குமட்டல். பித்தம் என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் மீட்டரை மாட்டினார்கள். 98 காட்டியது. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு" என்று போர்த்திவிட்டார்கள். அந்த 98 பொய். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்த மீட்டரால் பிரித்துப் பார்க்க முடியாது. மருமகளுக்கும் தலை சுற்றி வாந்தி வந்தபோதுதான் யாருக்கோ பொறி தட்டியது. இரண்டு பேரையும் வெளியே தூக்கி வந்து, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். பிழைத்தார்கள்.

எல்லோரும் பிழைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

இந்த அடுப்பு ஏன் நம் ஊரில் இழுக்க மாட்டேன் என்கிறது? அது பிறந்த இடம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். லாரி வினியார்ஸ்கி 1980களில் ராக்கெட் அடுப்பை உருவாக்கினார். அதையே வீட்டைச் சூடாக்கும் திண்ணை அடுப்பாக மாற்றியவர் இயான்டோ எவான்ஸ். வெளியே கடுங்குளிர் இருக்கும் ஊர்களுக்கான கணக்கு அது. புகைக்கும் வெளிக்காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, குழாய் நிமிர்ந்து எவ்வளவு உயரமோ, அவ்வளவு இழுவை. நம் ஊரில் மழை நாளிலும் வெளியே அந்த அளவுக்குக் குளிர் வருவதில்லை. புகையோ திண்ணைக்குள் தன் சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு ஆறிப்போய் வருகிறது. மேலே ஏற அதற்கு ஏது வலு? வீடியோவில் இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் தீயை அணைத்துவிடுங்கள்:

விறகு வாயில் தீ உள்ளே பாயாமல் மேல்நோக்கி ஏறுகிறது.
குழாய் இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கறை, களிமண்ணில் வெடிப்பு.
அடுப்பு எரிந்து வெகுநேரமாகியும் வெளிக்குழாய் தொட்டால் சில்லென்றிருக்கிறது.
வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி. வெளியே போனால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது. இது பித்தமும் இல்லை, கண் திருஷ்டியும் இல்லை!

சரி, இழுவையைச் சீராக்குவது எப்படி? பகலில், அடுப்பு ஆறியபின், கதவு சன்னல் எல்லாம் திறந்துவைத்துப் பாருங்கள். முதலில் குழாயின் படுத்த பகுதி. சாம்பல் அங்கேதான் சேரும். ஒவ்வொரு வளைவிலும் திறந்து சுத்தம் செய்ய மூடி இல்லையென்றால் அந்த அடுப்பு பாதிதான் கட்டி முடிந்திருக்கிறது. மேலே மைனா கூடு கட்டியிருக்கலாம், மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஒரு எல்போ போட்டால் ஐந்தடிக் குழாயைக் கூட்டியதற்குச் சமம் என்பது இந்த அடுப்பு கட்டுகிறவர்களின் கணக்கு. வளைவையும் திண்ணை நீளத்தையும் குறையுங்கள். வழி நெடுக எங்கும் குழாய் குறுகக் கூடாது. டிரம்முக்குள் தீ மேலேறும் நடுக்குழாயின் வாய்க்கும் டிரம் மூடிக்கும் நடுவே 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். சிம்னி ஓட்டுக்கூரையின் முகட்டைத் தாண்டி நிமிர்ந்து நிற்கட்டும்; முகட்டுக்குக் கீழே நின்றால் கூரையில் மோதும் காற்று புகையைத் திருப்பி அமுக்கும். பற்றவைக்கும் முன் சிம்னியின் அடிமூடியைத் திறந்து ஒரு காய்ந்த பனை ஓலையைக் கொளுத்திக் காட்டுங்கள். குழாய் சூடேறினால்தான் இழுக்கத் தொடங்கும்.

இத்தனையும் செய்த பிறகும் புகை திரும்பினால் அந்த அடுப்பை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பின்கட்டுக்கு வெளியே, திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். மெனக்கெட்டுக் கட்டியதாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் ஆளை முதலில் வெளியே தூக்குங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். "மூடின அறையில விறகு எரிஞ்சது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணி இருந்தால் அவருக்குத் தலைவலி லேசாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அடுப்பில் தணல் இருக்கும்வரை அந்தத் திண்ணையில் யாரையும் தூங்க விடாதீர்கள். உங்கள் அப்பத்தாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.