பெட்டகம் ஒன்று, சாவி இரண்டு



2013-ஆம் ஆண்டு நவம்பரில், பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிரசவ விடுப்பிலிருந்த ஒரு பெண்மணி, தம்முடைய ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரம் சீட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. வழக்கு நுகர்வோர் நீதிமன்றம் வரை சென்றது. 2018-இல் தீர்ப்பு அவருக்கு விரோதமாய் வந்தது. இரகசிய எண்ணைக் கணவருக்குச் சொன்னதும் விதிமீறலே. காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்தனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். மணமேடையில் ஒன்றாக்கப்பட்டவர்களை வங்கி இன்னமும் இரண்டு பேராகவே பார்க்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் தனித்தனியே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த இயலுமா? பிழைப்புக்காக மும்பைக்கும் டில்லிக்கும் வந்த நம் வீடுகளை எண்ணிப்பாருங்கள். மின்கட்டணம், சமையல் வாயு, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், எல்.ஐ.சி. என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். அவை பெரும்பாலும் கணவருடைய நினைவிலோ காலண்டரின் பின்புறத்திலோ இருக்கும். அவர் இரவு வேலையிலிருந்தால் மனைவி போன் செய்து கேட்கிறார். அவரே மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தால் யாரைக் கேட்பார்?

இதற்காகவே பாஸ்வேர்ட் மேனேஜர் என்னும் பெட்டகம் இருக்கிறது. கடவுச்சொற்களையெல்லாம் பூட்டி வைத்து, ஒரே தலைமைக் கடவுச்சொல்லால் திறக்கும் செயலி அது. நாள்தோறும் அதைத் தட்டச்சு செய்யாமலிருக்க விரல்ரேகையோ முகமோ போதும்.

இங்கேதான் அநேகர் தவறுகிறார்கள். ஒரே கணக்கைத் தொடங்கி, ஒரே போனில் இருவருடைய விரல்களையும் பதிந்து, இருவருக்கும் தனித்தனிப் பூட்டு இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். விரல் யாருடையது என்று செயலிக்குத் தெரியாது. ரேகை போனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. "பதிந்த விரல்தான்" என்று மட்டும் போன் சொல்லும். பதிந்த விரல் எதுவானாலும் அந்தப் போனில் விரலுக்குத் திறக்கும் யாவும் திறந்துவிடும்.

ஆகையால் ஆளுக்கொரு கணக்கு, அவரவர் போன், அவரவர் விரல் என்று வைத்துக்கொண்டு, நடுவே ஒரு பொதுப் பெட்டகத்தை ஏற்படுத்துங்கள். பிட்வார்டனில் இரண்டு பேருக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்பாஸ்வேர்டின் குடும்பத் திட்டம் கட்டணமுள்ளது. ஐந்து பேர் சேரலாம். இருவரிடமும் ஐபோன் இருந்தால், 2023-இல் வந்த ஐ.ஓ.எஸ். 17 முதல் அதிலேயே பகிர்வுக் குழு அமைக்கலாம். வீட்டுக் கணக்குகள் பொதுவில் இருக்கட்டும். சொந்த மின்னஞ்சல் அவரவர் பங்கில் இருக்கட்டும். அதை ஒளிவுமறைவு என்று சந்தேகிக்க வேண்டாம். யு.பி.ஐ. எண், ஏ.டி.எம். எண், ஓ.டி.பி. ஆகியவற்றைப் பொதுவில் வைக்கவே கூடாது. மாரத்தஹள்ளி வழக்கை மறவாதிருங்கள்.

பாத்திரம் துலக்கியும் சிமெண்டு குழைத்தும் தேய்ந்த விரல்களைப் போன் பலமுறை ஏற்காது. வேறொரு விரலையும் பதிந்து வையுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முக அடையாளம் வெறும் கேமராவை நம்பியிருப்பதால், இத்தகைய செயலிகள் அதை ஏற்பதில்லை.

போன் தொலைந்து புதியது வாங்கினால் விரல் உதவாது. தலைமைக் கடவுச்சொல்லே வேண்டும். பிட்வார்டன் போன்ற நிறுவனங்களுக்கே அது தெரியாது. மறந்தால் சொல்ல அவர்களால் ஆகாது. எனவே நீண்டதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு, இருவரும் தனித்தனித் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் அந்த உறையைப் பிரிக்கலாம்.

இந்த வாரம் மின்கட்டணக் கணக்கை மட்டும் பொதுப் பெட்டகத்தில் சேர்த்துப் பாருங்கள். மனைவி தம்முடைய போனில் தம்முடைய விரலை வைத்து, யாரையும் கேளாமல் இம்மாதக் கட்டணத்தைச் செலுத்தட்டும்.