கரும்புத் தோட்டத்தில் எழுந்த கோயில்

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் தகாது என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. ஊர் ஒன்று அமைந்தால் அதற்கொரு கோயிலும் அமைய வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஆனால், ஊர் என்பதே இல்லாத ஓரிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் என் செய்வார்கள்? அவர்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பிறந்த ஊரும் குலமும் வேறு வேறு. அடி வைக்கும் மண்ணில் ஒரு சாண் நிலமும் அவர்களுக்கு உரிமையில்லை. அத்தகையோர் கடலுக்கு அப்பால் தமக்கென ஒரு கோயிலை எவ்வாறு நிறுவினர் என்பதை இன்று ஆராய்வோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பயிலும் மாணவ மாணவியர் இதனை அயலார் வரலாறு என்று எண்ணற்க. அம்மக்கள் கப்பலேறிய துறைகள் நம் புதுச்சேரியும் காரைக்காலுமே ஆகும்.

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரீயூனியன் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அத்தீவில் 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவருட் பலர் தம்மை வருத்திய கரும்புத் தோட்டங்களில் மீண்டும் உழைக்க விரும்பவில்லை. எனவே முதலாளிமார் ஆள் தேடித் தமிழ்நாட்டுக் கரையை நோக்கினர். மேஸ்திரிகள் சிற்றூர்தோறும் சென்று ஆள் திரட்டினர். பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலிருந்து மட்டுமன்றி, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தென்னார்க்காடு, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து கப்பலேறினர். 1860-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கு வழிவகுத்தது. 1882-இல் ஆங்கில அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் அத்தீவை அடைந்தோர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அட்லாண்டிக் மாக்கடலுக்கு அப்பாலும் இக்கப்பல்கள் சென்றன. ‘ஓரெலி’ என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் மர்த்தினிக் தீவையும், 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் குவாதலூப் தீவையும் முதல் தொகுதித் தொழிலாளருடன் அடைந்தது.

கப்பலிலிருந்து இறங்கியோர் ரீயூனியனில் கிராந்த் ஷலூப் என்னுமிடத்திலிருந்த நோய்த்தடுப்பு மனையில் சில நாள் தங்கவைக்கப்பட்டனர். பின்னர்த் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். ஒரே கப்பலில் வந்து உறவுபோற் பழகியவர்கள் அங்கே பிரிந்தார்கள். ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. அவ்வொப்பந்தங்களில் நாம் உற்று நோக்கத்தக்க ஒரு விதி உண்டு. பொங்கல் திருநாளுக்கென நான்கு நாள் ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பதே அது. கூலியிலும் உணவிலும் எத்துணையோ குறைவைப் பொறுத்துக்கொண்ட அம்மக்கள், விழாவை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்பதை ஆள் திரட்டியோரும் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கோயில் எழுப்புவதற்கு வேண்டுவன யாவை? நிலம் வேண்டும், பொருள் வேண்டும், சிற்பநூல் கற்ற ஸ்தபதியும் ஆகமம் அறிந்த குருக்களும் வேண்டும். அயல்நாட்டில் இவற்றைப் பெறும் வாய்ப்புச் சிலருக்கு அமைந்தது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1819-இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸ் துரையுடன் அந்நகரை அடைந்த நாராயண பிள்ளை என்பவர் வணிகத்தில் உயர்ந்தார். அரசினரிடம் இடம் கேட்டார். முதலில் ஒதுக்கிய இடங்கள் ஏற்றவையாக அமையாமற் போகவே, 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் கோயில் எழுந்தது. பின்னர் அது செங்கற் கட்டடமாயிற்று. கூரைக்கோயிலாகத் தொடங்கினும், செல்வாக்குடைய ஒருவர் முன்னின்று, அரசு நிலம் அளித்து, அமைந்த கோயில் அது. கரும்புத் தோட்டத்துத் தொழிலாளருக்கோ முன்னிற்கச் செல்வர் இல்லை. நிலம் அளிக்க அரசும் இல்லை.

ஆயினும் அவர்களிடம் வேறொன்று இருந்தது. அவர்கள் தம் ஊரில் வணங்கிய தெய்வங்கள், ஸ்தபதியையும் குருக்களையும் எதிர்பார்த்திருக்கும் தெய்வங்கள் அல்ல. மாரியம்மன் வேப்பமரத்தடியில் ஒரு கல்லிலும் எழுந்தருள்வாள். மதுரை வீரனும் முனீஸ்வரனும் கூரையின்றியே ஊரைக் காப்பர். பூசாரி ஊராருள் ஒருவரே; அவர் பகலில் ஏர் பிடித்து, மாலையில் மணி அடிப்பவர். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலைப் போன்ற ஒரு கற்றளியைக் கப்பலில் ஏற்றிச் செல்லல் இயலாது. ஆனால் ஏரிக்கரை அம்மனை மனத்தில் வைத்துச் செல்லலாம். அவ்வாறே சென்றார்கள். ஆலைக்கு அருகில், கூலிக் குடிசைகளின் ஓரத்தில், ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, கூரை வேய்ந்தார்கள். தோட்டக் கோயில்களின் தொடக்கம் இத்தகையதே.

அக்கல் நின்ற நிலம் முதலாளிக்கு உரியது. முதலாளிமாருள் பலர் அதனைத் தடுக்கவில்லை. இடம் கொடுத்தவரும் உண்டு. வழிபாட்டிற்கு இடமுள்ள தோட்டத்தில் ஆட்கள் நிலைத்துத் தங்குவர், ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தமும் எழுதுவர் என்பது அவர் கணக்கு. இதனால் அக்கோயில்கள் பிறர் தயவிலேயே நின்றன என்பதையும் மறத்தலாகாது. தோட்டம் கைமாறினால், ஆலை மூடப்பட்டால், கோயிலின் நிலை என்னவாகும் என்ற அச்சம் தலைமுறைகளாக இருந்துவந்தது. தீவின் வடகிழக்கே செயின்ட் ஆந்த்ரே நகரப் பகுதியில் ‘கொலோஸ்’ என்னும் பெயருடைய கோயில் ஒன்று இன்றும் புகழுடன் விளங்குகிறது. அப்பெயர் சர்க்கரைத் தோட்டத்தின் பெயர். இறைவன் பெயராலன்றித் தோட்டத்தின் பெயரால் ஒரு கோயில் வழங்கப்படுவது அதன் பிறப்பை நமக்கு உணர்த்துகின்றது.

இனி, கல்லை நட்டவுடன் கோயில் அமைந்துவிடுமா? அமையாது. விழா எடுத்தால்தான் அது கோயிலாகும். செஞ்சியைச் சுற்றியுள்ள நாட்டிலும் நம் புதுவைச் சிற்றூர்களிலும் திரௌபதியம்மனுக்குப் பாரதம் படித்து, கூத்தாடி, தீமிதிக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ரீயூனியனில் அவ்வழக்கம் இன்றும் உயிருடன் உள்ளது. பாஞ்சாலி அங்கே ‘பாந்தியாலே’ ஆனாள். பதினெட்டு நாள் நோன்பிருந்து, பாரதக் கதை நிகழ்ச்சிகளை முறைப்படி நடத்தி, இறுதியில் பூக்குழி இறங்குகின்றனர். இவ்விழாவிற்கு எத்தனை கைகள் வேண்டும் என எண்ணிப் பாருங்கள். விறகு சேர்ப்போர், தப்பு அடிப்போர், பூக்கட்டுவோர், சமைப்போர், வேடம் புனைவோர், பாடஞ்சொல்லும் வாத்தியார் என ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. ஆலைக் கணக்கில் வெறும் எண்களாகப் பதியப்பட்டிருந்தவர்கள் விழாக் காலத்தில் அருச்சுனனாகவும் வீமனாகவும் பூசாரியாகவும் நின்றார்கள். ஊரார் கூடிக் கோயில் அமைப்பது இங்குள்ள முறை. அங்கோ கோயில் அமைந்து, சிதறிக் கிடந்தவர்களை ஊராராக்கியது. அவர்கள் கோயில் நிறுவியதன் உண்மைப் பொருள் இதுவே என்பது என் துணிபு.

இவ்வழிபாட்டில் வியப்பளிக்கும் செய்தி மற்றொன்றும் உண்டு. ரீயூனியனிலும் குவாதலூப், மர்த்தினிக் தீவுகளிலும் மாரியம்மன் வழிபாட்டுடன் ‘நாகூர் மீரா’வுக்கும் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகின்றனர். இவர் நாகூரில் அடக்கமாகியுள்ள இஸ்லாமியப் பெரியார் ஷாகுல் ஹமீது ஆண்டகை. கடலிற் செல்வோரைக் காப்பவர் எனச் சோழமண்டலக் கரை மக்கள் சமயவேறுபாடின்றி நம்பிவந்தவர். கரை சேர்த்த நன்றியைக் கடல் கடந்தவர் மறக்கவில்லை.

கோயில் காத்தவை பல. காக்க இயலாததும் ஒன்றுண்டு. அதுவே மொழி. பிள்ளைகளுக்குக் கிறித்தவப் பெயரிட்டு ஞானஸ்நானம் செய்விப்பது வழக்கமாயிற்று. தந்தையின் இராமசாமி என்னும் பெயர் குடும்பப் பெயராக மட்டும் நின்றது. காலையில் மாதா கோயிலுக்கும் மாலையில் மாரியம்மன் கோயிலுக்கும் செல்லும் குடும்பங்கள் பல உண்டாயின. வீட்டில் கிரியோல் என்னும் கலப்பு மொழி வழங்கிற்று. தமிழ் கற்பிக்கப் பள்ளி இல்லை. பூசைக்குரிய சொற்கள் மட்டும் நாவில் தங்கின. மதுரை வீரன் ‘மர்தேவிரன்’ ஆனார். முனீஸ்வரன் ‘மினிஸ்ப்ரென்’ ஆனார். கூத்துப்பாட்டைப் பழைய நோட்டுகளிலிருந்து படியெடுத்துப் பொருளறியாமலே பாடினர்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், அத்தீவிலிருந்து முதியவர் ஒருவர் தம் மூதாதையின் ஊரைத் தேடி எம் பள்ளிக்கு வந்தார். அவர் கையில் பழைய பதிவேட்டின் படி ஒன்று இருந்தது. ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்துக்களில் சிதைந்து காணப்பட்டது. எத்தனை விதமாக ஒலித்துப் பார்த்தும் எந்த ஊர் என்று எங்களால் துணியக்கூடவில்லை. விடைபெறுமுன் அவர் ஓர் ஐயம் கேட்டார். ‘எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் இறந்தோருக்குப் படையலிடுகிறோம். அதனைச் சம்ப்ளானி என்கிறோம். அச்சொல்லுக்குப் பொருள் என்ன?’ என்றார். சரசுவதி பூசைக்கென வைத்திருந்த சாம்பிராணிக் கட்டியை எடுத்துவரச் செய்து, தணலில் இட்டேன். புகை எழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ‘இதுதான், இதுவேதான்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் கிடைக்கவில்லை, ஒரு சொல்லின் பொருள் கிடைத்தது. அதனைப் பெற்று மகிழ்வுடன் சென்றார்.

1946-இல் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டமாயிற்று. பின்வந்த பத்தாண்டுகளில் கல்வியும் செல்வமும் பெற்ற வழித்தோன்றல்கள் சங்கங்கள் அமைத்துக் கோயில்களைப் புதுப்பித்தனர். தமிழ்நாட்டு ஸ்தபதிகளும் குருக்களும் வரவழைக்கப்பட்டனர். வண்ணக் கோபுரங்கள் எழுந்தன. தமிழ் வகுப்புகளும் தொடங்கின. முன்னோரின் எளிய தோட்டக் கோயில் வழிபாடு தொடர வேண்டுமா, ஆகம முறை மேலோங்க வேண்டுமா என்ற வாதமும் அங்கே உண்டு. ஆடு, கோழி பலியிடும் பழைய வழக்கம் பற்றிக் கருத்து வேறுபடுவோர் இருதிறத்தும் உளர். கல்லை நட்டவர்களின் பக்தி கோபுரம் எழுப்பியவர்களின் பக்திக்குக் குறைந்ததன்று என்பதை மட்டும் நான் கூறுவேன்.

பாகூர்ச் செப்பேடுகள் பற்றி நீங்கள் கேள்வியுற்றிருக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. கல்வி நிலையம் நிலைத்து நிற்க ஊர்களையே எழுதி வைத்தனர் நம் முன்னோர். கோயில் ஒலியைக் காக்கும். அவ்வொலியின் பொருளைக் காப்பது பள்ளி. கடல் கடந்த தொழிலாளர் தம் இரு கைகளால் முன்னதை நிறுவினர். பின்னதை நிறுவும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அதன் விளைவைச் சம்ப்ளானி என்னும் ஒரு சொல்லே காட்டிவிட்டது.

மாணவர்களே, உங்கள் ஊரில் அடுத்த தீமிதி விழா நடைபெறும்போது ஒரு நோட்டுடன் சென்று அமருங்கள். பூசாரியும் கூத்து வாத்தியாரும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றின் பொருளையும் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு அருகே குறித்துக்கொள்ளுங்கள். என்றேனும் ஒருநாள் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் வந்து, தம் பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பார். அன்று விடை கூற நீங்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.