பாதரசமும் ஒரு ராப் பாட்டும்

கொடைக்கானலில் இருந்த இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-இல் மூடப்பட்டது. 2015 ஜூலையில் சென்னை ராப் பாடகி சோபியா அஷ்ரப், நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டுப் பாடினார். மெட்டு ராப் பாடகி நிக்கி மினாஜிடம் இரவல். அவரே அதை ட்விட்டரில் பகிர்ந்தது தனிக் கதை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. இது பாட்டால் வந்ததா, முன்னாள் தொழிலாளர்கள் 2006 முதல் உயர் நீதிமன்றத்தில் வழக்காடியதால்தானே என்று கேட்கலாம். நியாயந்தான், வழக்கில்லாமல் பாட்டு மட்டும் எதையும் வாங்கித் தந்திருக்காது. ஆனால் பத்தாண்டு தீராத வழக்கு, பாட்டு வந்த எட்டே மாதத்தில் முடிந்ததைத் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை. ஆலை மண்ணைச் சுத்தம் செய்யும் வேலையோ அந்த உடன்பாட்டில் சேரவில்லை.